ஈகோ வேனில் சஸ்பென்ஷன் கோளாறு: காலியாக ஒரு தடவை, லோடோடு ஒரு தடவை பாருங்கள்

ஷாக் அப்சார்பர் மாற்றியாச்சு, சத்தம் மட்டும் போகவில்லை. சரக்கு வேன் ஓட்டுகிற பலர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எனக்கும் நடந்திருக்கிறது.

நான் ஈரோடு பக்கம் தண்ணீர் கேன் லைன் ஓட்டுகிறேன். வண்டி மாருதி ஈகோ கார்கோ. 20 லிட்டர் கேன் தண்ணீரோடு ஏறக்குறைய 21 கிலோ வரும், 25 கேன் ஏற்றினால் 500 கிலோவைத் தாண்டிவிடும். காலையில் அந்தக் கனத்தோடு பெருந்துறை சிப்காட் பக்கம் போகிறேன், மதியம் காலி கேன்களோடு திரும்புகிறேன். ஒரே வண்டி, ஒரே ரோடு, ஆனால் இரண்டு வேறு வண்டிகளை ஓட்டுவது போல இருக்கும். போன வருடம் காலியாகத் திரும்பும்போது மட்டும் பின்னால் டக் டக் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் விட்டேன், பின்பக்க ஷாக் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள். மறுநாளே அதே சத்தம். இரண்டு வாரம் கழித்து வேறொரு மெக்கானிக் அண்ணன், இரண்டு பேரை விட்டு வண்டியின் பாடியைப் பக்கவாட்டில் ஆட்டச் சொல்லிவிட்டுக் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பியான லேட்டரல் ராடின் ஒரு முனையில் ரப்பர் புஷ் தேய்ந்து ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டிருந்தது. ஷாக் விலையோடு பார்த்தால் அந்த புஷ் ஒன்றுமே இல்லை.

அன்றிலிருந்து எந்தப் பொருளையும் மாற்றும் முன்பு நானே பார்த்துவிடுகிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். பெரும்பாலான கோளாறு கண்ணாலும் காதாலும் கையாலும் தெரிந்துவிடும், ஆனால் காலியாக இருக்கும்போது ஒரு தடவை, லோடு இருக்கும்போது ஒரு தடவை என்று இரண்டு நிலையிலும் பார்த்தால்தான் தெரியும். கார் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகள் இந்த ஒன்றை விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் ஒர்க்‌ஷாப்புக்கு வேன் எப்போதும் காலியாகத்தான் வருகிறது.

லோடு ஏறினால் ஸ்பிரிங் அழுந்தி நிற்கும், பாடி கனத்துவிடும், சக்கரம் துள்ளுவது குறையும். தேய்ந்த புஷ்ஷுக்குள் இருக்கும் இடைவெளியில் இரும்பு போய் மோதுவதும் குறையும். அதனால் ஆட்டம் கண்ட புஷ், லூசான போல்ட், ஷாக்கின் முனை ரப்பர் தேய்ந்தது எல்லாம் காலி வண்டியில்தான் சத்தம் போடும். களைத்துப்போன ஸ்பிரிங், செத்துப்போன ஷாக், பம்ப் ஸ்டாப்பர் (ஸ்பிரிங் முழுதாக அழுந்தும்போது இரும்பு இரும்பில் மோதாமல் தாங்கும் ரப்பர்) உடைந்தது இவையெல்லாம் லோடு ஏறினால்தான் வெளியே வரும். பள்ளத்தில் டொம் என்று அடிக்கும், வளைவில் வண்டி சாய்ந்து நிமிர நேரம் எடுக்கும், பிரேக் பிடித்து நின்ற பிறகும் இரண்டு தடவை ஊஞ்சல் ஆடும். காலியில் சத்தமா லோடில் சத்தமா என்ற ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதி தேடல் முடிந்தது.

அடியில் என்ன இருக்கிறது

முன்னால் இரண்டு பக்கமும் மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண் அது. மேல் முனை ஸ்ட்ரட் மவுண்ட் வழியாக பாடியில் பிடித்திருக்கும், கீழே லோயர் ஆர்ம், அதன் நுனியில் பால் ஜாயிண்ட். ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராட் எண்ட் தனி. பின்னால் ஒரே துண்டாக ரிஜிட் ஆக்சில், காயில் ஸ்பிரிங், அதிலிருந்து தனியாக நிற்கும் ஷாக். ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு டிரெய்லிங் ராட், பக்கவாட்டில் நகராமல் பிடிக்க குறுக்கே ஒரு லேட்டரல் ராட். இந்த மூன்று கம்பிகளின் ஒவ்வொரு முனையிலும் ரப்பர் புஷ் இருக்கிறது. ஆக ஆறு இடம். பின்பக்க சத்தத்துக்கு ஷாக் மேல் பழி விழும்போது இந்த ஆறு இடத்தையும் யாரும் பார்ப்பதில்லை.

ஆம்னியில் முன்பக்கம் இதே ஸ்ட்ரட்தான், பின்பக்கம் மட்டும் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். 2019-இல் ஆம்னி உற்பத்தி நின்றாலும் ரோட்டில் இன்னும் நிறைய ஓடுகிறது. டாடா ஏஸ் மாதிரி குட்டி யானை வண்டிகளிலும் பட்டைதான், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் டயரும் எடையும்

அடியில் படுக்கும் முன்பு டயரைப் பாருங்கள். காற்று நான்கிலும் சரியாக இருக்கிறதா என்று குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும், ஓடி வந்த சூட்டில் அளந்தால் கூடக் காட்டும். டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரிலோ, இல்லையென்றால் வண்டியோடு வந்த புத்தகத்திலோ அளவு இருக்கும். லோடுக்குப் பின் டயருக்கு வேறு அளவு கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஒரு பக்கம் காற்று குறைந்தாலே வண்டி இழுக்கும், சாயும், அதை சஸ்பென்ஷன் என்று நினைத்துச் செலவு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தேய்மானம். உள்ளங்கையை டயர் மேல் வைத்து ஒரு சுற்று மெதுவாகத் தடவுங்கள், கம்பி வெளியே வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். முன் டயரில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மெண்ட் போயிருக்கிறது, பெரும்பாலும் அதற்குப் பின்னால் தேய்ந்த லோயர் ஆர்ம் புஷ்ஷோ பால் ஜாயிண்டோ இருக்கும். ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரியும் இருந்தால் டோ கோணம், அதாவது சக்கரங்களின் முன்நுனி உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, தவறு. டயர் சுற்றிலும் அலை அலையாகப் பள்ளமும் மேடும் வந்திருந்தால் சக்கரம் ரோட்டில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது, அதாவது ஷாக் வேலை செய்யவில்லை அல்லது பேலன்சிங் இல்லை. இந்தக் கடைசி அடையாளத்தை நான் பெரிதும் நம்புகிறேன், ஏனென்றால் பல ஆயிரம் கிலோமீட்டர் நடந்ததை டயர் தன் மேல் எழுதி வைத்திருக்கிறது.

எடை விஷயத்தில் நேர்மையாக இருங்கள். ஆர்.சி.யில் காலி எடையும் மொத்த எடையும் கிலோவில் போட்டிருப்பார்கள். மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்கள், அதில் டிரைவரும் உதவியாளரும் அடக்கம், மிச்சம்தான் சரக்கு. சி.என்.ஜி. வண்டி பெட்ரோல் வண்டியை விட சிலிண்டர் அளவுக்குக் கனம் கூட, அதனால் சரக்குக்கு மிஞ்சும் இடம் குறையும். சந்தேகம் இருந்தால் முழு லோடோடு ஒரு தடவை எடைமேடையில் ஏற்றிவிடுங்கள், சிறு கட்டணம்தான். 200 கிலோ கூடுதலாக தினமும் ஏற்றுகிற வண்டியில் ஸ்பிரிங் தாழ்ந்தது என்றால் அது ஸ்பிரிங்கின் குறை இல்லை, புதிதாகப் போட்டாலும் அதே கதைதான்.

உயரத்தை அளந்து எழுதி வையுங்கள்

இதற்கு ஒரு டேப் போதும். சமதளத்தில் நிறுத்தி, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே ஃபென்டர் விளிம்பு வரை அளந்து நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும், அதனால்தான் சக்கர மையத்திலிருந்து. பிறகு முழு லோடு ஏற்றி அதே நான்கு அளவு.

இடது வலது வித்தியாசம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் நான் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவேன். காலியில் சமமாக இருந்து லோடில் மட்டும் ஒரு பக்கம் தாழ்ந்தால் முதலில் சரக்கை நடுவில்தான் அடுக்கியிருக்கிறோமா என்று பாருங்கள், அடுத்து அந்தப் பக்கத்து ஸ்பிரிங். காயில் ஸ்பிரிங் உடையும்போது பெரும்பாலும் கடைசிச் சுற்றின் நுனிதான் உடையும், அது ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்குள் ஒளிந்துகொள்ளும், நின்றபடி எட்டிப் பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்து விரலால் நுனியைத் தொட்டுப் பாருங்கள், அந்தப் பக்கத்து நுனி மாதிரியே இந்தப் பக்கமும் முடிகிறதா என்று. உடைந்த இடம் கூர்மையாக இருக்கும், கவனம்.

இரண்டு பக்கமும் சமமாகவே தாழ்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஒப்பிட ஒன்றும் இருக்காது. அதனால்தான் எழுதி வைக்கச் சொல்கிறேன். வண்டி நன்றாக இருக்கும்போதே அளந்து நோட்டில் போட்டுவிட்டால் ஒரு வருடம் கழித்து அந்த எண் சொல்லும். எழுதி வைக்காதவர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. பம்ப் ஸ்டாப்பர் ரப்பரைப் பாருங்கள். அதன் முகம் பளபளவென்று தேய்ந்து, எதிரில் இருக்கும் இரும்பில் பெயிண்ட் போயிருந்தால் வண்டி அடிக்கடி அடி தட்டுகிறது. இரவில் எதிரே வருகிறவர்கள் டிம் போடச் சொல்லி லைட் அடித்துக்கொண்டே இருந்தாலும் பின்பக்கம் ரொம்பத் தாழ்ந்து முகப்பு விளக்கு மேலே பார்க்கிறது என்று அர்த்தம்.

ஓட்டிப் பார்க்கும் விதம்

ரேடியோவை அணையுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், சரக்குப் பகுதியில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துவிடுங்கள். ஜாக்கி, ஸ்பேனர் பை, ஸ்டெப்னி, பின் கதவின் லாக், சைலன்சர் தொங்கும் ரப்பர், இந்த ஐந்தையும் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டப்பா மாதிரி காலி வேன் எந்தச் சத்தத்தையும் பெரிதாக்கிக் காட்டும், எங்கிருந்து வருகிறது என்பதையும் மாற்றிக் காட்டும். முடிந்தால் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து கேட்கட்டும். ஆள் இல்லாத தெருவில் மெதுவாக, போதும்.

ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏறாமல், நடந்து போகும் வேகத்தில் சாய்வாக ஏறுங்கள். ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும், எந்தச் சக்கரத்தில் சத்தம் வருகிறது என்று எண்ணிவிடலாம். இதே இடத்தில் பிரேக்கை மெதுவாக மிதித்தபடி ஒரு தடவை போய்ப் பாருங்கள். முன்னால் வந்த லொட லொட சத்தம் பிரேக் மிதித்ததும் நின்றுவிட்டால் பிரேக் பேடோ காலிப்பர் பின்னோ ஆடுகிறது, சஸ்பென்ஷனைத் தொட வேண்டாம்.

நிறுத்தி வைத்து ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பும்போது கிர்ர் என்று இழுத்து டங் என்று ஸ்பிரிங் குதித்தால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங். இன்னொருவர் திருப்ப, நீங்கள் ஸ்பிரிங் மேல் கை வைத்தால் அந்தக் குதிப்பு விரலில் தெரியும். 30 வேகத்தில் சட்டென்று பிரேக் பிடிக்கும்போது முன்னால் ஒரே ஒரு டக், விட்டதும் இன்னொரு டக் என்றால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். சிறு சிறு கல்லில் தொடர்ந்து டக டக வந்தால், வண்டியில் ஸ்டெபிலைசர் கம்பி (வளைவில் சாய்வதைக் குறைக்க இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) இருந்தால் அதன் லிங்க், இல்லையென்றால் பால் ஜாயிண்ட் அல்லது ஸ்ட்ரட்டின் மேல் நட்டு.

ஈகோ பின் சக்கரத்தில் இழுக்கும் வண்டி, அதனால் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். கியர் போட்டு கிளட்ச் விடும்போதும், ஆக்சிலரேட்டரை விட்டுத் திரும்ப மிதிக்கும்போதும் பின்னால் டங் என்று கேட்டால் அது டிரெய்லிங் ராட் புஷ்ஷாகவும் இருக்கலாம், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்டாகவும் இருக்கலாம். இன்ஜினை அணைத்து சாவியை எடுத்துவிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகுங்கள். ஜாயிண்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் சற்றுத் தாமதமாக அசைந்தால் கிராஸ் போய்விட்டது.

வேகம் ஏற ஏற கூடுகிற உம்ம் சத்தம் சஸ்பென்ஷன் கிடையாது. வீல் பேரிங் அல்லது டயர். காலி ரோட்டில் மெல்ல இடது வலது வளைத்தால் ஒரு பக்கம் சாயும்போது கூடி மறுபக்கம் குறைந்தால் பேரிங் என்று கொள்ளலாம்.

பைபாஸில் ஒரு சோதனை தானாகவே நடக்கும். பெரிய பஸ் நம்மைத் தாண்டிப் போகும்போது வேனை ஒரு தள்ளு தள்ளும், அது எல்லா வேனுக்கும் இருப்பதுதான். ஆனால் தள்ளிய பிறகு வண்டியின் பின்பக்கம் மட்டும் தனியாக ஒரு தடவை அசைந்து திரும்பி வருகிற உணர்வு, நாம் ஸ்டியரிங் திருப்பாமலேயே வண்டி தானாகத் திரும்பிக்கொள்கிற உணர்வு இருந்தால் லேட்டரல் ராடும் டிரெய்லிங் ராடும்தான் என் முதல் சந்தேகம். எனக்குச் சத்தம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே இது இருந்தது. காற்று என்று விட்டுவிட்டேன்.

ஷாக் உண்மையில் செத்துவிட்டதா

பானட்டை அழுத்தி விட்டுப் பார்க்கிற பழைய சோதனை சரக்கு வேனில் பாதிதான் உதவும். ஸ்பிரிங் கடினம் என்பதால் காலி வண்டியின் பின்பக்கம் அழுத்தவே அழுந்தாது. அழுத்தி விட்டதும் மூன்று நான்கு தடவை ஆடினால் ஷாக் நிச்சயம் போய்விட்டது, ஆனால் ஆடாததால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

எண்ணெய்க் கசிவைப் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். ஷாக்கின் மேல் பகுதியில் மெல்லிய ஈரப் படலம், அதில் தூசி ஒட்டியிருப்பது சாதாரணம். துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். திரும்ப நனைந்து கீழே வழிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். பக்கத்தில் பிரேக் டிரம் இருக்கிறது, அங்கிருந்து தெறிக்கும் பிரேக் ஆயிலையோ ஆக்சில் ஆயிலையோ ஷாக் ஆயில் என்று தவறாக எண்ணிவிடாதீர்கள், அந்தக் கசிவு இன்னும் ஆபத்தானது.

மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கொடுத்த ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மோசமான ரோட்டில் லோடோடு 10, 15 கி.மீ. ஓட்டிவிட்டு உடனே நிறுத்தி நான்கு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள், சைலன்சர் பக்கம் கை போகாமல். ஷாக்கின் வேலையே ஆட்டத்தைச் சூடாக மாற்றிக் கரைப்பதுதான். வேலை செய்கிற ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். மூன்று சூடாக இருந்து ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அது சும்மா கூட வந்துகொண்டிருக்கிறது.

பின்பக்க ஷாக்கைக் கழற்றியும் பார்க்கலாம். கழற்றும் முன் ஆக்சிலுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆக்சில் கீழே தொங்கி பிரேக் ஹோஸ் இழுபடும், ஸ்பிரிங்கும் இடத்தை விட்டு நழுவும். கழற்றிய ஷாக்கை நிமிர்த்தி வைத்து ஐந்தாறு தடவை இழுத்து அழுத்துங்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி எதிர்ப்பு வேண்டும். நடுவில் ஓரிடத்தில் சட்டென்று வழுக்கிப் போனால் உள்ளே வால்வோ எண்ணெயோ இல்லை.

முன்பக்க ஸ்ட்ரட்டை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். அதன் மேல் நட்டைக் கழற்றினால் அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் தெறித்து ஆளைக் கொல்லும் வேகத்தில் வரும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இருக்கும் இடத்தில், தெரிந்த ஆள் கையில்தான் அந்த வேலை.

ஜாக்கி போட்டுப் பார்ப்பது

சமதளம், கட்டை, ஜாக்கி போட்ட பிறகு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலை வைக்கவே கூடாது, எத்தனை அவசரமாக இருந்தாலும்.

முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழுமாக இரண்டு கையால் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங், போகாவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது ஸ்ட்ரட் பக்கம். இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டும்போது வருகிற ஆட்டம் டை ராட் எண்ட் அல்லது ஸ்டியரிங் ராக். எந்த மூட்டு என்று கண்டுபிடிக்க ஒரு கையை மூட்டின் மேல் வையுங்கள், கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கூட விரலுக்கு டிக் என்று தெரிந்துவிடும். பால் ஜாயிண்டுக்கு, சக்கரம் தொங்கும் நிலையில் லோயர் ஆர்முக்கும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கும் நடுவே நெம்புகோல் கொடுத்து மெதுவாக நெம்பிப் பாருங்கள். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தால், ஆட்டம் இன்னும் வராவிட்டாலும், மழையும் மண்ணும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, நாள் எண்ண ஆரம்பிக்கலாம்.

புஷ்களைத் தொங்கும் சக்கரத்தில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சக்கரம் தரையில் நிற்கும் நிலையில்தான் புஷ் தன் வேலையைச் செய்கிறது. பின்பக்கத்துக்கு, தரையில் நிற்கும் வண்டியின் பாடியை இரண்டு பேர் பக்கவாட்டில் தள்ளி விடட்டும், நீங்கள் பின்னாலிருந்து லேட்டரல் ராடின் இரண்டு முனையையும் பாருங்கள். போல்ட் நகர்ந்து, கம்பியின் காது கொஞ்சம் தாமதித்து நகர்ந்தால் பிடித்துவிட்டீர்கள். டிரெய்லிங் ராடுக்கு, வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். ரப்பரில் மேலாக மெல்லிய வெடிப்பு எல்லாப் பழைய வண்டியிலும் இருக்கும், அதற்காக மாற்ற வேண்டாம். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருக்கிறதா, போல்ட் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறதா, அங்கே புதிதாகச் செந்துருத் தூள் உதிர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கட்டில் மாதிரி கிரீச் கிரீச் என்றால் ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்துவிட்டு வண்டியை ஆட்டுங்கள். எதை நனைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான். அந்த இடத்தில் பழைய இன்ஜின் ஆயிலையோ டீசலையோ ஊற்றுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு, தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி, இளகி, சீக்கிரம் கிழிந்துவிடும்.

பட்டை இருக்கும் வண்டிகள்

ஆம்னி, ஏஸ் வைத்திருப்பவர்கள் பட்டை செட்டைப் பக்கத்திலிருந்து பாருங்கள். உடைந்த பட்டை பெரும்பாலும் நடு போல்ட் பக்கம் அல்லது கிளிப் பக்கம்தான் உடையும், அந்தக் கோட்டில் துரு புதிதாகச் சிவந்து நிற்கும். பட்டையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டும் யு போல்ட் லூசாக இருந்தால் பட்டைகளுக்கு நடுவே பளபளவென்று உரசிய தடம் தெரியும். நடு போல்ட் அறுந்துவிட்டால் ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் போய்விடும், வண்டி நாய் ஓடுவது போல ஒருக்களித்து ஓடும். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்தால் உடனே தெரிந்துவிடும், ஸ்டியரிங் மட்டும் நேராக இருக்க வேண்டும். பட்டையின் ஒரு முனையை சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ், பின் தேய்மானம்தான் காலி வண்டியில் கட கட சத்தத்துக்கு முதல் காரணம். கிரீஸ் நிப்பிள் இருந்தால் சக்கரத்தைத் தொங்கவிட்டு கிரீஸ் அடியுங்கள், அப்போதுதான் உள்ளே போகும்.

தாழ்கிறது என்று எக்ஸ்ட்ரா பட்டை சேர்ப்பதும், காயில் ஸ்பிரிங் நடுவே ரப்பர் கட்டை செருகுவதும் எல்லா ஊரிலும் நடக்கிறது. நான் அதற்கு எதிரி. ஸ்பிரிங் வாங்காத அடியை ஆக்சிலும் சேசிஸும் ஸ்பிரிங் உட்காரும் இடத்தின் வெல்டிங்கும் வாங்கும். சில வண்டிகளில் பின் பிரேக்கின் அழுத்தத்தைப் பின்பக்க உயரத்தை வைத்தே ஒரு வால்வு தீர்மானிக்கிறது, செயற்கையாகப் பின்பக்கத்தைத் தூக்கினால் வண்டி காலி என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். முழு லோடில் பிரேக் குறைவது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்டுபிடித்த பிறகு

பால் ஜாயிண்டில் ஆட்டம், டை ராட் எண்டில் ஆட்டம், உடைந்த ஸ்பிரிங் டயர் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது, யு போல்ட் லூசு, இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அன்றைய லைனை நிறுத்திவிடுங்கள். கஸ்டமர் ஒரு நாள் திட்டுவார், பரவாயில்லை. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி அந்த இடத்திலேயே படுத்துவிடும். ஷாக் கசிவு, மவுண்ட் சத்தம், புஷ் தேய்மானம் எல்லாம் சில நாள் தாங்கும், மாதக்கணக்கில் தாங்காது, ஏனென்றால் ஒன்று தேய்ந்தால் பக்கத்தில் இருப்பதும் டயரும் சேர்ந்து தேயும்.

ஒர்க்‌ஷாப்பில் போய் "ஷாக் மாத்துங்க" என்று சொல்லாதீர்கள், அவர்களும் மாற்றிவிடுவார்கள். "காலியில் மட்டும், பின்னால் இடது பக்கம், ஸ்பீடு பிரேக்கர் இறங்கும்போது டக்குனு கேக்குது அண்ணா" என்று சொல்லுங்கள். போனில் சத்தத்தைப் பதிவு செய்து காட்டுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிக் கையில் பிடித்துப் பாருங்கள், தேய்மானம் அதில் தெரிய வேண்டும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒரு பக்கம் புதிது ஒரு பக்கம் பழையது என்றால் வண்டி வளைவில் ஒரு மாதிரியும் மறு வளைவில் வேறு மாதிரியும் நடக்கும்.

புஷ் மாற்றும்போது நீங்கள் பக்கத்தில் நின்றே பார்க்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. வண்டியை லிஃப்டில் தூக்கிச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே அந்த போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், புது புஷ் சில மாதத்தில் கிழிந்துவிடும். போல்ட்டை லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் விழுந்த பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். "புது புஷ்தான் போட்டோம், டூப்ளிகேட் போல" என்று சொல்கிற பல இடத்தில் பொருள் நல்லதுதான், இறுக்கிய விதம்தான் தவறு.

அலைன்மெண்ட் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக. ஆட்டம் இருக்கும் மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் செய்தால் கம்ப்யூட்டர் காட்டுகிற எண் அடுத்த பள்ளம் வரைக்கும்தான். லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், ஸ்ட்ரட் எதைத் தொட்டாலும் அலைன்மெண்ட் பார்த்தாக வேண்டும்.

வேலை முடிந்து வந்ததும் நான்கு உயரத்தையும் திரும்ப அளந்து தேதியோடும் கிலோமீட்டரோடும் நோட்டில் எழுதுங்கள், காலியில் ஒன்று, லோடில் ஒன்று. 500 கி.மீ. ஓடிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கழற்றி மாட்டிய போல்ட்டுகளை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடுங்கள், பட்டை வண்டி என்றால் யு போல்ட்டை முதலில்.